கீறியும் திரும்ப வரும் சீழ்க்கட்டி

கேள்வி: வயது 42, ஆட்டோ ஓட்டுகிறேன். ஆசனவாய்க்குப் பக்கத்தில் இரண்டு வருடத்தில் மூன்று முறை சீழ்க்கட்டி வந்தது. மூன்று முறையும் கீறிவிட்டார்கள். இப்போது அதே இடத்தில் சின்ன ஓட்டை, உள்ளாடையில் சீழ்க்கறை. உடம்புச் சூடு என்கிறார்கள். ஆபரேஷன் செய்தால் மலத்தை அடக்க முடியாமல் போய்விடுமா?
- வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: சூடு காரணமல்ல, ஆட்டோ சீட்டும் அல்ல. ஆசனவாய்க்கு உள்ளே சுமார் 2 செ.மீ. உயரத்தில் சின்னச் சின்னச் சுரப்பிகள் உண்டு. ஒன்றின் வாய் அடைத்துச் சீழ் பிடித்தால், அது தோல்வரை வழி குடைந்துகொண்டு வரும். கீறினால் சீழ் வடியும், வலி அன்றே இறங்கும். ஆனால் உள்வாய் திறந்தே இருந்தால் குடைந்த வழி அப்படியே நிற்கும். அதுதான் பவுத்திரம். மேல்தோல் மூடியதும் மறுபடி கட்டி. வெறும் ஆன்டிபயாட்டிக்கால் இது ஆறாது.

அடுத்த கத்திக்கு முன் எம்.ஆர்.ஐ. எடுங்கள். சர்ஜனிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அடக்கும் தசையில் எவ்வளவு இந்த வழிக்குள் வருகிறது? கொஞ்சம்தான் என்றால் வழி முழுவதையும் பிளந்து, தையல் போடாமல் விடுவார்கள். அடியிலிருந்து ஆறி வர ஒன்று, ஒன்றரை மாதம் ஆகும். அடக்கும் சக்தி பெரும்பாலும் குறையாது. அதிகத் தசை வந்தால் பிளக்கவே கூடாது. உங்கள் பயம் நியாயமாவது அங்கேதான். முதலில் செட்டான் நூலைத் தளர்வாகக் கோத்துச் சில வாரம் சீழை வடிய விடுவார்கள். பிறகு உள், வெளி என்று இருக்கும் இரண்டு அடக்கும் தசைகளுக்கும் நடுவே வழியைக் கட்டி அறுக்கும் லிஃப்ட் ஆபரேஷன். இதில் தசை தப்பும், ஆனால் சிலருக்குத் திரும்ப வரலாம். சித்த, ஆயுர்வேத மருத்துவர்கள் கட்டும் காரநூலும் (மூலிகைக் காரம் பூசிய நூல்) மெல்ல மெல்லத் தசையை அறுக்கும் என்பதால் அங்கும் இதே கேள்வியைக் கேளுங்கள்.

திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரையும் காசநோயும் பார்த்தே ஆக வேண்டும். வழியிலிருந்து எடுத்த சதையை இரண்டு பாட்டிலில் அனுப்பச் சொல்லுங்கள்: பயாப்ஸிக்கு ஃபார்மலினில், காசநோய்க் கல்ச்சருக்கு சலைனில். எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும், கல்ச்சரில் எதுவும் வளராது. நம் ஊரில் அடிக்கடி தவறுவது இதுதான். நாள்பட்ட வயிற்றுப்போக்கும் எடைக்குறைவும் இருந்தால் குடல் அழற்சியான குரோன் நோயா என்று கொலனாஸ்கோப்பியில் (பெருங்குடலுக்குள் கேமரா விடும் சோதனை) பார்க்க வேண்டும்.

ஆபரேஷனுக்குப் பின் ஒவ்வொரு முறை மலம் கழித்ததும் அகலமான டப்பில் வெதுவெதுப்பான தண்ணீரில் 10 நிமிடம் உட்காருங்கள். டெட்டால் வேண்டாம், புண்ணைப் பொசுக்கும்.

குளிர்க்காய்ச்சல், சிறுநீர் அடைப்பு, விதைப்பை வரை கறுத்துப் பரவும் வீக்கம், இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். இரவே ஸ்டான்லி அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.