பாத்டப் ஓரத்துக்கு சிலிகான்: வாசகர் கேள்வி, மேஸ்திரி பதில்

கேள்வி: எங்கள் ஃப்ளாட்டில் அக்ரிலிக் பாத்டப் இருக்கிறது. சுவரோடு சேரும் இடத்தில் முதலில் வைத்த வெள்ளை சிமெண்ட் உதிர்ந்துவிட்டது. அடுத்து வந்தவர் அதன் மேலேயே சிலிகான் அடித்தார். அதுவும் கறுத்து, ஒரு பக்கம் பெயர்ந்து தொங்குகிறது. கீழ்வீட்டுக் கூரையில் ஈரம். நானே சரிசெய்யலாமா? கோடு நேராக வருமா?
- வாசகி, முகப்பேர், சென்னை

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஆனால் முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். தொட்டியை நிரப்பித் திறந்துவிட்டால் கீழே சொட்டுகிறதா, அல்லது சுவர் ஓரத்தில் குவளையால் ஊற்றினால் சொட்டுகிறதா? முதலாவது என்றால் கோளாறு குழாயில், பிளம்பரைக் கூப்பிடுங்கள். இரண்டாவது என்றால் தொடர்ந்து படியுங்கள்.

அக்ரிலிக் தொட்டியில் தண்ணீரும் ஆளும் சேர்ந்தால் அது கொஞ்சம் இறங்கும். சுவர் இறங்காது. நடுவில் இருக்கும் சிமெண்ட் பிளந்துதான் ஆக வேண்டும். இழுத்தால் இழுபடும் சிலிகான்தான் அங்கே சரி.

பழையதைச் சுத்தமாக எடுக்க வேண்டும், சிமெண்டையும் சேர்த்து. பழைய சிலிகான் மேல் புதுசு பிடிக்காது. டைல்ஸ் பக்கம் பிளேடு வைக்கலாம். தொட்டிப் பக்கம் பிளாஸ்டிக் சுரண்டிதான், இல்லையென்றால் கீறல் விழும். தின்னர், அசிட்டோன் பக்கமே போகாதீர்கள், அக்ரிலிக் கெட்டுவிடும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த துணியால் துடைத்து, ராத்திரி முழுக்க ஃபேன் போட்டுக் காயவிடுங்கள்.

கடையில் 'சானிட்டரி' என்று போட்ட டியூபைக் கேளுங்கள். பூஞ்சைக்கு மருந்து கலந்தது அதுதான். காலாவதித் தேதியையும் பாருங்கள். பழைய சரக்கு எத்தனை நாளானாலும் பிசுபிசுவென்றே இருக்கும். சுவரில் மார்பிள் என்றால் 'நியூட்ரல்' வகை வாங்குங்கள். காடி வாசனை வருகிற வகை மார்பிளைக் கறையாக்கும்.

மறுநாள் காலை தொட்டியை நிரப்புங்கள். இறங்க வேண்டியது இறங்கி இடைவெளி விரிந்த நிலையில்தான் சிலிகான் அடிக்க வேண்டும். சின்னக் குழந்தைகள் இருந்தால் கதவைப் பூட்டி வையுங்கள்.

இனிமேல்தான் நீங்கள் கேட்ட நேர்கோடு. சுவரில் ஒரு மாஸ்கிங் டேப், தொட்டியில் ஒரு மாஸ்கிங் டேப். இடைவெளி அவற்றின் நடுவில், இரண்டு பக்கமும் இரண்டு மில்லிமீட்டர் விட்டு. டேப்பின் ஓரத்தை நகத்தால் அழுத்தித் தேயுங்கள். அங்கே தூக்கிக்கொண்டிருந்தால் சிலிகான் உள்ளே புகுந்து பல் பல்லாக நிற்கும். டியூப் மூக்கைச் சாய்வாக வெட்டுங்கள். எல்லோரும் ஓட்டையைப் பெரிதாக வெட்டிவிட்டு, வழிகிறதே என்று திண்டாடுகிறார்கள். மூலையில் தொடங்கி அடுத்த மூலை வரை நிறுத்தாமல் இழுங்கள். டியூபை மாட்டி அழுத்தும் கன்னை நிறுத்தியதும் அதன் பின்னாலுள்ள லீவரை அழுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் தானாகப் பிதுங்கிக்கொண்டே இருக்கும்.

பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் ஒரே தடவை வழியுங்கள். திரும்பத் திரும்பத் தடவினால் அலை அலையாகிவிடும். உடனே டேப்பை உரியுங்கள், சாய்வாக, கோட்டிலிருந்து விலகும் திசையில். ஐந்து, பத்து நிமிடம் தாமதித்தாலே மேலே ஆடை கட்டி, டேப்போடு சேர்ந்து கிழியும். ஒரு பக்கம் அடித்து, வழித்து, உரித்த பிறகே அடுத்த பக்கம்.

சிலிகான் காற்றின் ஈரத்தை வாங்கித்தான் இறுகும். சென்னையில் அதற்குப் பஞ்சமில்லை. ஒரு நாளைக்குச் சுமார் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் ஆழம் இறுகும். முழு ஆழமும் இறுகும்வரை தொட்டித் தண்ணீரைத் திறக்க வேண்டாம், குளிக்கவும் வேண்டாம்.

கேள்வி: மிச்சமான டியூபை என்ன செய்வது?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: மூக்கு நுனியில் ஒரு விரற்கடை பிதுங்கவிட்டு அப்படியே வையுங்கள். அது இறுகி மூடியாகிவிடும். அடுத்த முறை பிடித்து இழுத்தால் மூக்கில் இறுகியதும் கூடவே வந்துவிடும். ரொம்ப மாதம் தாங்காது. சமையலறை சிங்க் ஓரத்துக்குத் தேவையென்றால் இந்த வாரமே அடித்துவிடுங்கள்.