மாத்திரை முடிந்தும் பேதி நிற்கவில்லையா? வாசகர் கேள்விகளும் மருத்துவக் குழுவின் பதில்களும்

வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்: தொண்டை வலிக்கு ஐந்து நாள் ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன். மூன்றாம் நாளே பேதி தொடங்கியது. மாத்திரை முடிந்து ஒரு வாரம் ஆகியும் தினமும் நான்கைந்து முறை தண்ணீராகப் போகிறது. மருந்துக்கடையில் 'நல்ல பாக்டீரியா' கேப்சூல் கொடுத்தார்கள். அது போதுமா?

போதாதும்மா. முதலில் டாக்டரைப் பார்த்து மலப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஆன்டிபயாடிக்கால் வரும் பேதி பெரும்பாலும் மாத்திரையை நிறுத்திய சில நாளில் தானாக அடங்கிவிடும். உங்களுக்கு அடங்கவில்லை என்பதால் 'க்ளாஸ்ட்ரிடியம் டிஃபிசில்' என்ற கிருமி இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

தொண்டைக்காகச் சாப்பிட்ட மருந்து பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்களையும் சேர்த்தே அழிக்கிறது. அவை சும்மா இருப்பவை அல்ல. பித்த அமிலங்களை மாற்றி, மேலே சொன்ன கிருமி தலையெடுக்காமல் அடக்கி வைப்பவை அவைதான். நமக்குச் செரிக்காத நார்ச்சத்தைப் புளிக்கவைத்து 'பியூட்டிரேட்' என்ற அமிலத்தைத் தருபவையும் அவையே. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு அதுதான் முக்கிய உணவு. பாக்டீரியா குறைந்ததும் புளிக்காமல் தங்கும் மாவுப்பொருள் தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. அதனால் பேதி. காலியான இடத்தில் கெட்ட கிருமி பெருகினால் பேதியோடு குடல் அழற்சியும் வரும்.

பரிசோதனை முடிவு வரும்வரை செய்ய வேண்டியது: ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை முழுதாகப் பிரித்து, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் கரையுங்கள். பாதிப் பாதியாகக் கரைத்தால் உப்பின் அளவு தவறிவிடும். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். பேதியை உடனே நிறுத்தும் லோபரமைடு மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்; இந்தக் கிருமி இருந்தால் நச்சு உள்ளேயே தங்கிவிடும். கழிவறைக்குப் போய்வந்ததும் சோப்பும் நீரும் கொண்டு கழுவுங்கள், சானிடைசர் இந்தக் கிருமியின் வித்துகளைக் கொல்லாது. காய்ச்சல், கடும் வயிற்றுவலி, மலத்தில் இரத்தம், சிறுநீர் குறைவு ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ போய்விடுங்கள்.

கேப்சூல் விஷயம்: சில ரகங்கள், ஆன்டிபயாடிக் தொடங்கும்போதே சேர்த்து எடுத்தால் பேதியைக் குறைக்கும். பேதி முற்றிய பிறகு பலன் குறைவு. புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களும் எதிர்ப்புசக்தி குறைந்தவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தொண்டை வலி பெரும்பாலும் வைரஸால் வருவது. வைரஸிடம் ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. அடுத்த முறை கடையில் கேட்டு வாங்காதீர்கள்.

வாசகர், பண்ருட்டி: பலாச்சுளை சாப்பிட்டால் வயிறு உப்பிக் காற்று பிரிகிறது. பாக்டீரியா கெட்டுவிட்டதா?

இல்லை. சிறுகுடலில் செரிக்காமல் மிஞ்சுவதைப் பெருங்குடல் பாக்டீரியா தின்னும்போது வாயு வருவது இயல்பு. சுளையைக் குறைத்துப் பாருங்கள். இதோடு எடை குறைந்தாலோ, இரவில் தூக்கத்தைக் கலைக்கும் பேதி வந்தாலோ கவலைப்பட வேண்டும்.

வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி: பழைய சோறு குடல் பாக்டீரியாவைச் சரிசெய்யும் என்கிறார்களே? வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இருக்கிறது.

நல்ல உணவுதான், ஆனால் அதை மருந்தாக நினைக்க வேண்டாம். ஊறும்போது பெருகும் லாக்டிக் அமில பாக்டீரியாவில் பெரும்பகுதி குடல் வழியே கடந்து போய்விடும், அங்கே குடியேறாது. ஆறிய சோற்றில் மாவுச்சத்தில் ஒரு பகுதி செரிக்காத வகையாக மாறி, உள்ளே ஏற்கெனவே இருப்பவற்றுக்குத் தீனியாகும்.

செய்முறையில் தவறு நேர்வது ஒரே இடத்தில்தான். மதியம் வடித்த சோற்றை இரவுவரை அப்படியே விட்டுவிட்டுப் பிறகு நீர் ஊற்றுகிறார்கள். 'பேசில்லஸ் சீரியஸ்' கிருமியின் வித்து கொதியிலும் சாகாது. வெதுவெதுப்பான சோற்றில் அது முளைத்து வெளியிடும் நச்சு, திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. வாந்தி அதனால்தான். இரவில் வடித்து, சூடு ஆறியதும், ஒரு மணி நேரத்துக்குள், கொதித்து ஆறிய நீரைச் சோற்றுக்கு மேல் இரண்டு விரற்கடை நிற்கும்படி ஊற்றுங்கள். வெயில் காலத்தில் எட்டு மணி நேரம் போதும். வழவழப்பாகி நூல் இழுத்தாலோ நாற்றம் வந்தாலோ கொட்டிவிடுங்கள். உப்பும் மோரும் காலையில் சேர்க்கலாம்.

சர்க்கரைக்காரருக்கு ஊறினாலும் அது சோறுதான், அளவு மாறாது. சோற்றைக் குறைத்து ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டல் வையுங்கள். வெந்த கடலை ஒரு கப்பில் ஏறக்குறைய 12 கிராம் நார்ச்சத்து கிடைக்கும். அதே அளவு வெள்ளைச் சோற்றில் ஒரு கிராம்கூடத் தேறாது. கால் கப்பில் தொடங்கி மூன்று வாரத்தில் ஏற்றுங்கள். ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு உப்பும், அவரும் வேண்டாம் என்று ஒதுக்கிவிடுவார். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாசகர், நெல்லிக்குப்பம்: உடல் பருமன், மனச்சோர்வு எல்லாம் குடல் பாக்டீரியாவால்தான் என்று சொல்லி மலத்தைப் பரிசோதிக்கும் பேக்கேஜ் விற்கிறார்கள். எடுக்கலாமா?

எடுக்க வேண்டாம். 2006இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பருத்த எலியின் குடல் பாக்டீரியாவைக் கிருமியே இல்லாத எலிக்கு ஏற்றியபோது அதன் உடல் கொழுப்பு கூடியது. அது எலி. மனிதரில் பருமனோடும் மனச்சோர்வோடும் பாக்டீரியா மாற்றம் சேர்ந்து காணப்படுகிறது; எது காரணம், எது விளைவு என்பது நிலைநாட்டப்படவில்லை. அந்த மலப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்து எந்த மாத்திரையையும் தேர்ந்தெடுக்க முடியாது. மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டு வந்தால், தயவுசெய்து அதை நிறுத்திவிட்டுத் தயிரையும் கேப்சூலையும் நம்பாதீர்கள்.