கருப்பு காரில் வட்டக் கீறலும் வெள்ளைப் புள்ளியும்: கோட்டிங் போட்டால் போய்விடுமா?

கேள்வி: எங்கள் கார் கருப்பு நிறம். வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. தினமும் காலையில் துணியால் தூசி தட்டுகிறேன், வாரம் ஒருமுறை வீட்டிலேயே கழுவுகிறேன். ஆனாலும் வெயிலில் பார்த்தால் பானெட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கீறல் தெரிகிறது. கூரையிலும் பின்கண்ணாடியிலும் வெள்ளைப் புள்ளிகள். எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. வீட்டில் போர் தண்ணீர்தான். சர்வீஸுக்கு விட்ட இடத்தில், "செராமிக் கோட்டிங் போட்டுவிடுங்கள், இனி கீறலும் விழாது, புள்ளியும் வராது" என்கிறார்கள். போடலாமா?

பதில்: இப்போது போடாதீர்கள். செராமிக் கோட்டிங் என்பது பெயின்ட் மேல் பூசி இறுகவிடும் மெல்லிய காப்புப் பூச்சு. உங்கள் காரில் இருக்கிற இரண்டு கோளாறுமே கோட்டிங் இல்லாததால் வந்தவை அல்ல. கீறல் அந்தத் தூசித் துணியால் வந்தது, புள்ளி காரின் மேலேயே காய்ந்த உப்புத் தண்ணீரால் வந்தது. இவை இரண்டையும் நிறுத்தாமல் எதைப் பூசினாலும் காசு வீண்.

முதலில் ஒரு சோதனை. இரவில் மொபைல் டார்ச்சை பானெட்டுக்கு மேலே பிடித்து மெல்ல நகர்த்துங்கள். அந்த வட்ட வலையும் வெளிச்சத்தோடு சேர்ந்தே நகரும். அதாவது, கீறல்கள் வட்டமாக இல்லை. பானெட் முழுக்க எல்லாத் திசையிலும் மெல்லிய நேர்க்கீறல்கள் கிடக்கின்றன. விளக்குக்குக் குறுக்கே அமைந்தவை மட்டும் மின்னுவதால் வட்டம் போலத் தோன்றுகிறது. "வட்டமாகத் தேய்த்ததால் வந்தது, நேராகத் தேய்த்தால் வராது" என்று சொல்வதை நம்ப வேண்டாம். எப்படித் தேய்த்தாலும், துணிக்கும் பெயின்ட்டுக்கும் நடுவே மணல் இருந்தால் கீறும். வெள்ளைக் காரிலும் இதே கீறல்தான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

கீறல் விழுந்திருப்பது நிறத்தின் மேல் அல்ல, அதற்கு மேலே இருக்கும் நிறமற்ற கிளியர் கோட்டில். அது சுமார் 40 மைக்ரான் கனம். தலைமுடியை விட மெல்லியது. தெருத் தூசியில் இருக்கும் குவார்ட்ஸ் மணல் அதை விடப் பல மடங்கு கடினம். காய்ந்த துணியால் தினமும் துடைப்பது, நைசான உப்புத்தாளால் தினமும் ஒரு இழுப்பு இழுப்பதற்குச் சமம். இறகுத் துடைப்பானும் அதே வேலையைத்தான் செய்கிறது. தூசியோடு இருக்கும் காருக்குக் கவர் போட்டால், காற்றில் கவர் அசைந்து அசைந்து அதுவும் கீறும். ஆகவே நாளை காலையிலிருந்து தூசி தட்டுவதை நிறுத்துங்கள். கார் ஒரு வாரம் தூசியோடு நின்றால் பெயின்ட்டுக்கு எதுவும் ஆகாது.

இதற்கு ஒரே ஒரு விலக்கு, பறவை எச்சம். அதை வார இறுதி வரை விடக்கூடாது, பார்த்த அன்றே எடுக்க வேண்டும். எச்சத்தில் இருக்கும் அமிலம் வெயில் சூட்டோடு சேர்ந்து கிளியர் கோட்டை அரித்துப் பள்ளமாக்கிவிடும். அந்தத் தடத்தைக் கழுவி எடுக்க முடியாது. அவசரம் என்பதற்காக ஈரத்துணியால் ஒரே இழுப்பாகத் துடைத்தும் எடுக்கக்கூடாது, ஏனென்றால் பறவை எச்சத்தில் மணலும் விதைத் துணுக்கும் இருக்கும். ஒரு டிஷ்யூவைத் தண்ணீரில் சொட்டச் சொட்ட நனைத்து அதன் மேல் போர்த்துங்கள். பத்து நிமிடம் விடுங்கள், காய்ந்து வந்தால் மேலும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள். ஊறியதும் டிஷ்யூவின் ஓரத்தைப் பிடித்து நேர் மேலே தூக்குங்கள், பக்கவாட்டில் இழுக்காதீர்கள். மிச்சம் ஒட்டியிருந்தால் புது டிஷ்யூவில் மறுபடி அதையே செய்யுங்கள். மூன்று முறை செய்ய வேண்டி வந்தாலும் பரவாயில்லை. கடைசியில் ஒரு மக் தண்ணீர் ஊற்றி, மைக்ரோஃபைபர் துணியை வைத்து ஒற்றி எடுங்கள். நசுங்கிக் காய்ந்த பூச்சிகளுக்கும் இதே வழிதான்.

இனி கழுவும் முறை. நிழலில் நிறுத்துங்கள். பானெட்டில் உள்ளங்கையை வைத்தால் சூடு தெரியக்கூடாது. சக்கரங்களை முதலில், தனி வாளி தனி பிரஷ் வைத்து முடித்துவிடுங்கள். பிரேக்கிலிருந்து வரும் இரும்புத் தூள் அங்கேதான் படிந்திருக்கும். அந்த வாளியும் பிரஷும் பாடி பக்கமே வரக்கூடாது. பிறகு கூரையிலிருந்து கீழ்நோக்கி ஹோஸ் பைப்பால் மூன்று நான்கு நிமிடம் நன்றாகத் தண்ணீர் அடியுங்கள். பிரஷர் வாஷர் இருந்தால் ஒரு அடிக்கு மேல் தள்ளிப் பிடியுங்கள், இல்லாவிட்டாலும் குறையில்லை. கை படாமல் எவ்வளவு மண் போகிறதோ அவ்வளவு கீறல் குறையும்.

இரண்டு வாளி கட்டாயம். ஒன்றில் 10 லிட்டர் தண்ணீரும் கார் ஷாம்பும். பெரும்பாலான ஷாம்புகளுக்கு 30 முதல் 50 மி.லி. போதும், பாட்டிலில் உள்ள அளவுதான் கணக்கு, கண்ணளவு வேண்டாம். இன்னொன்றில் வெறும் தண்ணீர். ஸ்பாஞ்சைத் தூக்கிப் போட்டுவிட்டு மைக்ரோஃபைபர் கையுறை வாங்குங்கள். ஸ்பாஞ்சின் முகம் தட்டை என்பதால் மணல் அதன் மேலேயே நின்று உரசும். கையுறையின் நீள இழைகளுக்குள் மணல் இறங்கிவிடும். கூரை, கண்ணாடி, பானெட், டிக்கி, கதவின் மேல்பாதி, கடைசியில் கதவின் கீழ்ப்பாதியும் பம்பரும். இந்த வரிசையை மாற்றாதீர்கள். கையின் எடையே போதும், அழுத்தக் கூடாது. ஒவ்வொரு பாகம் முடிந்ததும் கையுறையை வெறும் தண்ணீர் வாளியில் முக்கி அலசிப் பிழிந்த பிறகே ஷாம்பு வாளிக்குக் கொண்டுபோக வேண்டும். எல்லாம் முடிந்ததும் அந்த வெறும் தண்ணீரை மெதுவாகச் சாய்த்துவிட்டு வாளியின் அடியை விரலால் தடவிப் பாருங்கள், நறநறவென்று மண் தட்டுப்படும். ஒற்றை வாளியில் கழுவியிருந்தால் அவ்வளவும் உங்கள் பானெட்டில் உரசியிருக்கும்.

பாத்திரம் கழுவும் திரவமும் துணி சோப்புத் தூளும் வேண்டாம். முதலாவது எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதற்கென்றே செய்தது, பெயின்ட்டுக்குக் காப்பாகப் பூசும் வேக்ஸையும் சேர்த்து எடுத்துவிடும். இரண்டாவது கரையாத தூளாக நின்று தானே கீறும். பளபளப்புக்காக டீசல் தடவும் பழக்கத்தை அறவே விட வேண்டும். அது தூசியைப் பிடித்து ஒட்டவைக்கும், கதவு ரப்பரை ஊதவைக்கும்.

வெள்ளைப் புள்ளிக்கு வருவோம். போர் தண்ணீரின் டி.டி.எஸ். 1000 என்றால் ஒரு லிட்டரில் ஒரு கிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று பொருள். ஒரு லிட்டர் தண்ணீர் கார் மேலேயே காய்ந்தால் அந்த ஒரு கிராமும் கார் மேல்தான் தங்கும். ஒரு துளி காய்வதைக் கூர்ந்து பாருங்கள்: உப்பு துளியின் ஓரத்தில் போய்ச் சேரும், கடைசியில் வெள்ளை வளையம் நிற்கும். அந்த வளையம் பெரும்பாலும் கால்சியம், மெக்னீசியம் உப்புகள். சோப்புக்கு அவை கரையாது, அதனால்தான் உங்கள் தேய்ப்புக்கு மசியவில்லை.

போர் தண்ணீரிலேயே கழுவலாம், காய விடாமல் பார்த்துக்கொண்டால் போதும். கடைசி அலசலுக்கு ஹோஸின் முனையைக் கழற்றிவிட்டு, மெல்லிய ஓட்டமாகக் கூரையிலிருந்து ஊற்றுங்கள். தண்ணீர் துளித்துளியாக நிற்காமல் போர்வை போல வழிந்து இறங்கும். அதற்கு மேல் ஐந்து லிட்டர் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றினால் இன்னும் நல்லது. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரிலும் உப்பு ஏறக்குறைய இருக்காது. துணியில் வடிகட்டிப் பயன்படுத்தலாம். ஆனால் ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் கழிவு நீரைச் சேர்த்துவைத்துக் கார் கழுவச் சொல்கிறார்களே, அந்த யோசனையை மட்டும் கேட்காதீர்கள். வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. டயருக்கு ஊற்றலாம், பெயின்ட்டுக்குக் கூடாது. பிறகு கனமான மைக்ரோஃபைபர் டவலை விரித்துப் போட்டு, இரு முனையையும் பிடித்து மெல்ல இழுங்கள். பக்கக் கண்ணாடி, கதவுக் கைப்பிடி, பெட்ரோல் மூடி ஆகிய இடங்களிலிருந்து பத்து நிமிடம் கழித்தும் தண்ணீர் வடியும். இன்னொரு சுற்றுத் துடையுங்கள். தரையில் விழுந்த டவலை அப்படியே எடுத்துக் காரில் வைக்காதீர்கள்.

இருக்கும் புள்ளிகளை எடுக்க, சமையலுக்கான வெள்ளை வினிகரும் ஆர்.ஓ. தண்ணீரும் சம அளவு. கழுவிய, சூடில்லாத பெயின்ட்டில் மைக்ரோஃபைபர் துணியை நனைத்து ஒரு நிமிடம், அதிகம் போனால் இரண்டு நிமிடம் ஒற்றிவையுங்கள். காய விடாதீர்கள். உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கண்ணாடியில் இதையே இரண்டு மூன்று முறை செய்யலாம். "புள்ளி ரிமூவர்" என்று லேபிளே இல்லாத பாட்டிலில் விற்பதைத் தொட வேண்டாம். அதில் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் இருந்தால் கண்ணாடியையே அரிக்கும், தோலில் பட்டால் எலும்பு வரை இறங்கும். இப்படி ஒன்றை எந்தக் கேள்வியும் இல்லாமல் விற்க முடிகிறது என்பதே கொடுமை. வினிகருக்கும் போகாமல் பெயின்ட்டில் தடம் நின்றால் அது உப்பு அல்ல, உப்பு அரித்த பள்ளம், பாலிஷ்தான் வழி.

இப்போது அந்தக் கோட்டிங். '9 எச்' கடினம் என்று காட்டுவார்கள். அது பென்சில் அளவுகோல். வைரத்துக்குப் பத்து என்று சொல்லும் மோஸ் அளவுகோல் வேறு. இரண்டையும் குழப்பித்தான் வியாபாரம் நடக்கிறது. 9 எச் பென்சில் கீறாத பரப்பை மணல் தாராளமாகக் கீறும். பூசும் கனமோ ஓரிரு மைக்ரான்தான். தண்ணீர் வழுக்கி ஓடும், அழுக்கு எளிதில் போகும், அவ்வளவு நன்மை உண்மை. ஆனால் கோட்டிங் மேலும் உப்புத் துளி காய்ந்தால் புள்ளி விழும். கீறலோடு இருக்கும் காரில் பூசினால், கீறலைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியதுபோல் அப்படியே நிற்கும். "டெஃப்ளான் கோட்டிங்" இன்னும் மோசம். அந்தப் பொருள் உருகவே 327 டிகிரி செல்சியஸ் வேண்டும், தோசைக்கல்லில் ஒட்டுவதற்கு அதையும் தாண்டிய சூட்டில் சுடுகிறார்கள். கார் பெயின்ட் அதைத் தாங்குமா? விற்பவர் இதைச் சொல்வதில்லை, கேட்பாரும் இல்லை.

இன்னொரு ஏமாற்று: எண்ணெயும், கீறலை அடைத்து மறைக்கும் நிரப்பியும் கலந்த மலிவு பாலிஷை மெஷினில் ஓட்டி, கீறல் போய்விட்டது என்று காட்டுவது. மூன்று கழுவலில் எல்லாம் திரும்பி வரும். பாலிஷ் போட்ட இடத்தில், கோட்டிங் பூசுவதற்கு முன்பே, ஐசோபிரோபைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சம அளவு கலந்து, அந்த எண்ணெய் போகும்படி துடைக்கச் சொல்லி, டார்ச் அடித்துப் பாருங்கள். மறுப்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள். உண்மையான பாலிஷ் கிளியர் கோட்டையே ஓரிரு மைக்ரான் சீவித்தான் கீறலை எடுக்கிறது. வருடத்துக்கு இருமுறை செய்கிற வேலை அல்ல. சுழன்றுகொண்டே ஆடும் வகை (டூயல் ஆக்‌ஷன்) மெஷின், மிருதுவான ஃபோம் பேட், மெல்லிய ஃபினிஷிங் பாலிஷ் இவற்றோடு, இரண்டு அடிச் சதுரத்தில் முதலில் சோதித்துப் பார்த்துத் தொடங்கச் சொல்லுங்கள். கம்பளிப் பேட் மாட்டிய சுழல் மெஷினைப் பானெட் விளிம்பில் வைத்தால் அடி நிறம் தெரியும்வரை சீவிவிடும்.

வரிசை இதுதான்: இரண்டு மாதம் மேலே சொன்ன முறையில் கழுவுங்கள். டார்ச்சில் புதுக்கீறல் சேரவில்லை என்று உறுதியானதும் ஒரே ஒரு முறை பாலிஷ். அதன்பின் விருப்பமிருந்தால் கோட்டிங், இல்லாவிட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெல்லிய பூச்சாக வேக்ஸ். கருப்புக் காருக்கு வேக்ஸே தாராளம்.

அடுத்த முறை சர்வீஸுக்கு விடும்போது, "வாட்டர் வாஷ் வேண்டாம்" என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லிப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். ஒரே வாளியிலும் ஒரே துணியிலும் இருபது கார்களைக் கழுவுகிற இடங்கள் உண்டு. இலவசம் என்று வாங்கிவரும் அந்த ஒரு கழுவல், நீங்கள் இரண்டு மாதம் பார்த்துப் பார்த்துச் செய்ததை ஒரே மாலையில் கெடுத்துவிடும்.