டபுள் ஷிஃப்டுக்குத் தியானம் மருந்தல்ல

கேள்வி: எங்கள் உதிரிபாகத் தொழிற்சாலையில் தொழிலாளர்களின் மூளை நலனுக்காக நினைவாற்றல் செயலிக்குச் சந்தா கட்டினோம், மாதம் ஒரு தியான வகுப்பும் நடக்கிறது. ஆனாலும் நைட் ஷிஃப்டில் தவறுகள் குறையவில்லை. அடுத்து என்ன பயிற்சி தரலாம்?
- மனிதவள மேலாளர், ஓசூர்

பதில்: பயிற்சி உங்களுக்குத்தான் தேவை, ஷிஃப்ட் பட்டியல் போடுவதில். தலையணையை மாற்றினால் தலைவலி போகுமா?

பட்டியல் எந்தத் திசையில் சுழல்கிறது என்று முதலில் பாருங்கள். ஏ ஷிஃப்ட் காலை 6 முதல் 2, பி 2 முதல் இரவு 10, சி 10 முதல் 6 என்று வைத்துக்கொள்வோம். சி முடித்தவருக்கு பி, பி முடித்தவருக்கு ஏ என்று பின்னோக்கிப் போட்டால், மாறுகிற அன்று இடைவெளி வெறும் 8 மணி நேரம். பஸ், குளியல், சாப்பாடு போகத் தூங்க நாலைந்து மணிதான் மிஞ்சும். ஏ, பி, சி என்று முன்னோக்கிப் போட்டால் இடைவெளி 24 மணி நேரம். உடல் கடிகாரத்தின் சுற்று 24 மணியைவிடச் சற்றே நீளம். தள்ளித் தூங்க இணங்கும், முன்கூட்டித் தூங்கச் சொன்னால் முரண்டு பிடிக்கும். காசே செலவில்லாத மாற்றம் இது.

ஆள் வராத நாளில் பி ஷிஃப்ட்காரரையே சி-க்கும் நிறுத்தும் பழக்கம் உண்டா? காலை 7 மணிக்கு எழுந்தவர் நள்ளிரவில் 17 மணி நேரம் விழித்திருக்கிறார். அப்போது அவர் செயல்திறன் ரத்தத்தில் 0.05% மது உள்ளவருடையதைப் போல இறங்கிவிடுவதை 1997-ல் ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. நம் நாட்டில் வண்டி ஓட்டவே வரம்பு 0.03%. அவரை பிரஸ் மெஷினில் நிறுத்திவிட்டு ரிஜெக்‌ஷன் ஏன் என்று கேட்டால் எப்படி? 48 மணி நேர வாரத்தில் ஒரே ஒரு டபுள் சேர்ந்தால் 56. வாரம் 55 மணியும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35-40 மணிக்காரர்களைவிடப் பக்கவாத அபாயம் சுமார் 35% அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் கணக்கிட்டன.

இரவு 2 முதல் 4-க்குள் முறைவைத்து ஆளுக்கு 20 நிமிடம் தூங்க விடுங்கள். முக்கால் மணி விட்டால் ஆழ்ந்த தூக்கத்தில் எழுப்ப நேரும். எழுந்தவர் வெகுநேரம் மந்தமாகவே இருப்பார். 20 நிமிடம் தூங்கினவரும் கால் மணி கழித்துத்தான் மெஷினைத் தொட வேண்டும். டீ, காபி 2 மணியோடு சரி. காபீனில் பாதி கரையவே ஐந்தாறு மணி நேரம் ஆகும். காலை 8 மணிக்கு வீட்டில் படுத்தால் தூக்கம் வராது.

செயலிச் சந்தாவை நிறுத்தி, சி ஷிஃப்ட் முடிந்து பைக்கில் கிளம்புகிறவர்களுக்கு வேன் விடுங்கள்.