வர்ணம் வாசிப்பவருக்கு ஜாஸ் வருமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பல ஆண்டுகளாகக் கர்நாடக வயலின் வாசிக்கிறேன். ஜாஸ் நண்பர்களுடன் வாசிக்கும்போது ராகம் சுத்தமாகத்தான் வருகிறது. ஆனாலும் "பாட்டோடு ஒட்டவில்லை" என்கிறார்கள். என்ன செய்வது?
- ஈசூன் வாசகி

பதில்: ராகத்தில் கோளாறு இல்லை. கச்சேரியில் ஸட்ஜம் ஒரே இடத்தில் நிற்கும். தம்பூரா அதை விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். ஜாஸில் உங்கள் ஸ்வரங்களுக்கு அடியில் கார்ட், அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு, மாறிக்கொண்டே போகிறது. ஒரு பாருக்கு முன்பு இனித்த ஸ்வரம் அடுத்த பாரில் உறுத்தும். பார் என்பது பெரும்பாலான பாட்டுகளில் நான்கு எண்ணிக்கை.

சி-யை ஸட்ஜமாக வைத்துக்கொண்டு இதைச் செய்து பாருங்கள். ஜாஸில் திரும்பத் திரும்ப வரும் மூன்று கார்டுகள்: டி மைனர் 7, ஜி 7, சி மேஜர் 7. நம் கணக்கில் முதலாவது ரி-ம-த-ச, இரண்டாவது ப-நி-ரி-ம, மூன்றாவது ச-க-ப-நி. ஒவ்வொன்றிலும் குணத்தைச் சொல்பவை இரண்டு ஸ்வரங்கள்தான். முதலாவதில் ம, ச. இரண்டாவதில் ம, நி. மூன்றாவதில் க, நி. அதாவது முதல் மாற்றத்தில் மத்யமம் நிற்க, ஸட்ஜம் நிஷாதத்துக்கு இறங்குகிறது. அடுத்ததில் நிஷாதம் நிற்க, மத்யமம் காந்தாரத்துக்கு இறங்குகிறது. எல்லா இறக்கமும் அரை ஸ்வரம்தான். வேறு எதையும் சேர்க்காமல், பியானோ கார்டுகளின் மேல் இந்த இரண்டிரண்டு ஸ்வரங்களை மட்டும் நீட்டி வாசியுங்கள். பிறகு மற்ற 11 சுருதிகளுக்கும் மாற்றுங்கள். கார்ட் மாறுவது காதில் விழும் முன்பே விரல் அங்கே போய் நிற்கும் நாள் வரும். அதன் பிறகு அலங்காரம் சேர்க்கலாம்.

ஸ்வரத்தை அசைத்தும் வளைத்தும் வாசிக்கும் கமகத்தைக் கைவிடச் சொல்லவில்லை. அது உங்களிடம் உள்ள பெரிய சொத்து. ஆனால் மேலே சொன்ன இரண்டு ஸ்வரங்களில் கம்பிதம் (அசைவு) வேண்டாம். பியானோ அதே காந்தாரத்தை அசையாமல் பிடித்திருக்கும்போது நீங்கள் அசைத்தால் சுருதி விலகியதாகவே கேட்கும். இடையில் கடந்து போகும் ஸ்வரங்களில் ஜாருவும் (வழுக்கலும்) அசைவும் தாராளமாக வரலாம்.

கருவியையும் கவனியுங்கள். ஐந்து கட்டைக்கு, அதாவது ஜி-யை ஸட்ஜமாக வைத்து, சேர்த்த வயலினில் தந்திகள் ஜி-டி-ஜி-டி. ஜாஸுக்கு ஜி-டி-ஏ-இ என்று மேல் இரண்டு தந்திகளையும் ஒரு முழு ஸ்வரம் ஏற்ற வேண்டும். ஒரே வயலினில் தினமும் ஏற்றி இறக்கினால் தந்தி நிலைக்காது, விரலும் குழம்பும். முடிந்தால் இரண்டாவது வயலின் ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள்.

முதல் பாட்டாக டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 1959ஆம் ஆண்டு இசைத்தொகுப்பான 'கைண்ட் ஆஃப் புளூ'வில் உள்ள 'ஸோ வாட்'டை எடுங்கள். 32 பார். முதல் 16 பார் டி-யை ஸட்ஜமாகக் கொண்ட கரகரப்பிரியா ஸ்வரங்கள். அடுத்த 8 பார் அதே ஸ்வர வரிசை அரை ஸ்வரம் மேலே, ஈ ஃபிளாட்டில். கடைசி 8 மீண்டும் டி. இதைக் கிரக பேதம் என்று நினைத்துவிடாதீர்கள். கிரக பேதத்தில் ஸ்வரங்கள் அப்படியே இருக்க ஆதாரம் மாறும். இங்கே எல்லாமே சேர்ந்து நகர்கிறது. ஆதி தாளத்தில் போடுங்கள்: ஓர் ஆவர்த்தனம் (தாளத்தின் எட்டு எண்ணிக்கை) இரண்டு பார், ஆக முழுச் சுற்று 16 ஆவர்த்தனம். எட்டு முடிந்ததும் மேலே ஏறி, பன்னிரண்டு முடிந்ததும் இறங்க வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது அந்த ஒன்பதாவது ஆவர்த்தனத்தைத்தான். கற்பனை ஓடும்போது எண்ணிக்கை நழுவும். அதனால் முதலில் வயலினைக் கீழே வைத்துவிட்டு, ஒலிப்பதிவோடு தாளம் போட்டு மாற்றத்தை மட்டும் சொல்லிப் பழகுங்கள்.

கேள்வி: மிருதங்கம் வாசிப்பவன். டிரம்ஸில் ஸ்விங் என்ற ஜாஸ் நடையைப் பழகுகிறேன். கணக்கு சரி, ஆனால் 'ஸ்விங்' வரவில்லை என்கிறார் பாஸ் வாசிப்பவர்.
- புக்கிட் பாத்தோக் வாசகர்

பதில்: ஒவ்வொரு அட்சரத்தையும் (எண்ணிக்கையையும்) திஸ்ரத்தில் மூன்று மாத்திரையாகப் பிரியுங்கள். ரைடு சிம்பலில் 1, பிறகு 2, அதன் மூன்றாவது மாத்திரை, 3, பிறகு 4, அதன் மூன்றாவது மாத்திரை. இடது கால் ஹை-ஹாட் என்ற இரட்டைச் சிம்பலை 2-லும் 4-லும் மூடும். மிருதங்கக்காரருக்குக் கை பழகியதும் ஒரு வழக்கமான பிழை வருகிறது: சமத்தை (முதல் எண்ணிக்கையை) அழுத்துவது. ஜாஸில் அழுத்தம் 2-லும் 4-லும். மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, அந்த ஒலியை 2, 4 என்று கேட்டு வாசியுங்கள். பாட்டு 120-இல் ஓடும். தொடக்கத்தில் ஒலி தானாக 1, 3 ஆகப் புரண்டுவிடும். புரண்டால் நிறுத்தி மறுபடி தொடங்குங்கள்.

அந்தத் திஸ்ரம் நடுத்தர வேகத்துக்குத்தான். வேகம் கூடக் கூட ஓர் அட்சரத்துக்குள் வரும் இரண்டு தட்டுகளும் சம இடைவெளியை நெருங்கும். 250-இல் கறாரான திஸ்ரம் வாசித்தால் பாட்டு நொண்டும்.

உங்கள் கணக்குக்கு நல்ல இடம், நான்கு நான்கு பாராக டிரம்ஸும் மற்றவர்களும் மாறி மாறி வாசிக்கும் பகுதி. நான்கு பார் என்றால் 16 அட்சரம், திஸ்ரத்தில் 48 மாத்திரை. 16 மாத்திரைச் சொற்கட்டு (தாளச் சொற்களின் கோவை) ஒன்றை மூன்று முறை வாசித்தால் சரியாக அடுத்தவரின் 1-இல் போய்ச் சேரும். பதினாறு மூன்றால் வகுபடாததால் ஒவ்வொரு முறையும் அட்சரத்தின் வேறு இடத்தில் தொடங்கும். கேட்க அருமையாக இருக்கும். ஆனால் ஹை-ஹாட் கால் நிற்கவே கூடாது. அது நின்றால் சாக்ஸஃபோன்காரர் எங்கே நுழைவது என்று தெரியாமல் நிற்பார்.

கேள்வி: மேடையில் பாட வாய்ப்புக் கிடைத்தால் என்ன சொல்லி ஆரம்பிக்க வேண்டும்?
- தெம்பனிஸ் வாசகி

பதில்: பாட்டின் பெயர், சுருதி, வேகம், முடிவு எப்படி. இந்த நான்கும் போதும். "ஐந்தரைக் கட்டை" என்றால் அவர்களுக்குப் புரியாது, "ஜி ஷார்ப்" என்று சொல்லுங்கள். மைக் முன் நின்று ஒன்று-இரண்டு எண்ணுவதற்கு முன், பாட்டின் முதல் வரியை மனத்துக்குள் பாடி வேகத்தை உறுதிசெய்துகொள்ளுங்கள். பதற்றத்தில் எல்லாரும் வேகமாகவே எண்ணுகிறார்கள். பாட்டு முடிவாகாவிட்டால் எஃப்-இல் 12 பார் புளூஸ் கேளுங்கள். எஃப் 7 நான்கு பார், பி ஃபிளாட் 7 இரண்டு, எஃப் 7 இரண்டு, சி 7 ஒன்று, பி ஃபிளாட் 7 ஒன்று, மீண்டும் எஃப் 7 இரண்டு. ஆறு ஆவர்த்தனம்தான்.

கேள்வி: நம்மவர்கள் யாரைக் கேட்க வேண்டும்? சிங்கப்பூரில் ஜாஸை வாழ்க்கையாகவே எடுத்துக்கொண்டவர்கள் உண்டா?
- ஜூரோங் வாசகர்

பதில்: உண்டு. பியானோ கலைஞர் ஜெரமி மொன்டேரோ 1988இல் சுவிட்சர்லாந்தின் மொன்ட்ரூ ஜாஸ் விழாவில் வாசித்தார். 2002இல் சிங்கப்பூரின் உயரிய கலை விருதான கலாசாரப் பதக்கம் பெற்றார். தேசிய தினத்தில் நாம் எல்லாரும் பாடிய 'ஒன் பீப்பிள், ஒன் நேஷன், ஒன் சிங்கப்பூர்' (1990) அவர் இசைதான். ஜாஸ் கலைஞரின் பிழைப்பு மேடையில் மட்டும் இல்லை, இசையமைப்பிலும் கற்பிப்பதிலும் இருக்கிறது என்பதற்கு இது நல்ல சான்று. முறையாகப் படிக்க லசால் கலைக் கல்லூரி இருக்கிறது. செலவில்லாமல் கேட்க எஸ்பிளனேட் கலை மையத்தின் திறந்தவெளி அரங்கு நிகழ்ச்சிகளைப் பாருங்கள்.

நம் இசையோடு தொடுப்பு வேண்டுமானால் மூன்று வாசல்கள். ஒன்று, கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினோடு எல். சங்கரும் விக்கு விநாயகராமும் ஜாகிர் உசேனும் சேர்ந்த சக்தி குழு. இரண்டு, ஆல்டோ சாக்ஸஃபோனில் கர்நாடக இசையை நிலைநாட்டிய கத்ரி கோபால்நாத் (1949–2019), அவரோடு ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பா வாசித்த 2008ஆம் ஆண்டின் 'கின்ஸ்மென்' இசைத்தொகுப்பு. மூன்று, அமெரிக்காவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த பியானோ கலைஞர் விஜய் ஐயர். தாளக் கணக்கு காதில் பழகியவர்களுக்கு ஐயரின் டிரியோ (மூவர் குழு) முதல் கேட்பிலேயே திறக்கும் என்பது எங்கள் எண்ணம். கேட்பதோடு நிறுத்தாமல், பிடித்த ஸோலோவில் (தனி வாசிப்பில்) 8 பாரை எடுத்து, முதலில் வாயால் பாடி, பிறகு கருவியில் எடுங்கள். எழுதி வைப்பது கடைசியில்.

கேள்வி: மகன் ஆல்டோ சாக்ஸஃபோன் வாசிக்கிறான். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் அக்கம்பக்கத்தார் சத்தம் போடுகிறார்கள். துணியை அடைத்தும் பயனில்லை. ஒரு சாவியும் ஒட்டிக்கொள்கிறது.
- பொங்கோல் வாசகி

பதில்: சாக்ஸஃபோனின் அகன்ற வாயில் துணி அடைத்தால் பயன் இராது, ஏனென்றால் சத்தம் பெரும்பாலும் உடலில் உள்ள துளைகள் வழியாகத்தான் வெளியேறுகிறது. அடியில் உள்ள சில ஸ்வரங்கள் மட்டும் கெடும். துணிகள் நிறைந்த அலமாரியைத் திறந்து அதை நோக்கி ஊதட்டும். சன்னல் பக்கம் வேண்டாம். மவுத்பீஸை (ஊதும் முனையை) மட்டும் எடுத்து மெதுவாக ஊதிப் பழகலாம். ஆல்டோவில் அது ஏ-க்கு அருகே ஒலிக்க வேண்டும். மிகவும் மேலே போனால் உதட்டால் கடிக்கிறான் என்று அர்த்தம். இரவில் விரல் பயிற்சியை ஊதாமலே செய்யலாம்.

ஒட்டுவது ஜி ஷார்ப் சாவியாகத்தான் இருக்கும். அந்தத் துளையின் மூடியைத் திறப்பது பலவீனமான ஸ்பிரிங். நம் ஊர் ஈரத்தில் தோல் மெத்தை எச்சிலோடு பிசுக்கானால் அதனால் தூக்க முடியாது. மெல்லிய காகிதத்தை மூடிக்கு அடியில் வைத்து, மூடியை லேசாக அழுத்தித் தூக்குங்கள். அழுத்திய நிலையில் காகிதத்தை இழுத்தால் தோல் கிழியும். வாசித்து முடித்ததும் உள்ளே துணி இழுத்துத் துடைத்து, பெட்டியைக் கால் மணி நேரம் திறந்து வையுங்கள். ரீடு (மவுத்பீஸில் பொருத்தும் நாணல் பட்டை) 2 அல்லது 2.5 எண்ணில் நான்கு வாங்கி, எண் எழுதி, நாளுக்கு ஒன்றாகச் சுழற்றுங்கள். ஈரத்தோடு மவுத்பீஸிலேயே விட்டால் பூசணம் பிடிக்கும்.