கடலூரில் வயலின், பாரிஸில் மிருதங்கம்: காலப்பிரமாணம் ஏன் தளர்கிறது?

கேள்வி: நான் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருந்து பாடுகிறேன். வயலின் வாசிப்பவர் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறார். மிருதங்க நண்பர் பாரிஸில் குடியேறிவிட்டார். வீடியோ அழைப்பில் ஒத்திகை பார்த்தால் காலப்பிரமாணம், அதாவது பாட்டின் வேகம், தளர்ந்துகொண்டே போகிறது. வேகமான இணைய இணைப்பு வாங்கினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. நொடிக்கு எவ்வளவு தகவல் வரும் என்பதைத்தான் விலைக்கு விற்கிறார்கள். உங்களுக்குத் தொல்லை தருவதோ எவ்வளவு தாமதமாக வருகிறது என்பது. மேடையில் மூன்று மீட்டர் தள்ளி ஒலிக்கும் மிருதங்கமே உங்கள் காதை அடைய 9 மில்லி செகண்டு ஆகிறது. இந்தத் தாமதம் 25, 30 மில்லி செகண்டைத் தாண்டினால் அவருக்காக நீங்களும் உங்களுக்காக அவரும் காத்திருக்கத் தொடங்குவீர்கள். பேச்சுக்கென்று அமைந்த வீடியோ செயலிகள் இந்த வரம்பை எளிதில் தாண்டிவிடும்.

கடலூர் வயலினுடன் சேர்ந்து தாராளமாகப் பாடலாம். ஜாமுலஸ், சோனோபஸ், ஜேக்டிரிப் மூன்றும் இதற்கென்றே எழுதப்பட்ட இலவச மென்பொருள்கள். வைஃபையை விட்டுவிட்டு ஈதர்நெட் கேபிளை ரூட்டரில் செருகுங்கள். மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று வேண்டும். கணினி ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் பஃபரை 128 சாம்பிளில் வையுங்கள், நொடிக்கு 48,000 சாம்பிள் எடுக்கும் 48 கிலோஹெர்ட்சில் அது 2.7 மில்லி செகண்டுதான். புளூடூத் ஹெட்போன் மட்டும் கூடவே கூடாது. மற்ற எல்லாவற்றிலும் மிச்சம் பிடித்த நேரத்தை அது ஒன்றே தின்றுவிடும்.

பாரிஸுக்கு இது எதுவும் உதவாது. நேர்க்கோட்டிலேயே சுமார் 8,000 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும் என்பதால் போய்வர 80 மில்லி செகண்டு. நிமிடத்துக்கு 90 அட்சரம் (தாள எண்ணிக்கை) ஓடும் கீர்த்தனையில், அட்சரத்துக்கு நான்கு மாத்திரை வரும் சதுஸ்ர நடையில், அது பாதி மாத்திரை. கேபிள் நேர்க்கோட்டில் கிடப்பதுமில்லை. நண்பர் வயலின்காரராக இருந்திருந்தால் தாளமில்லாமல் பாடும் ஆலாபனை, விருத்தம் வரையாவது தப்பித்திருக்கலாம். அங்கே வயலின் எப்படியும் பின்தொடர்ந்துதான் வரும்.

ஒரு வழி உண்டு. நீங்களும் வயலினும் சேர்ந்து இசைப்பது பாரிஸுக்குப் போகட்டும். வந்து சேர்வதைக் கேட்டு அவர் வாசிக்கட்டும். தாமதமாகத் திரும்பி வரும் அவர் வாசிப்பை நீங்கள் இருவரும் கேட்கக் கூடாது. மிருதங்கம் காதில் விழாமல் பாடுவது சுகமில்லைதான், ஆனால் மூன்றும் பொருந்தி ஒலிக்கும் இடம் அவருடைய கணினி என்பதால் நேரலையை அங்கிருந்தே அனுப்ப வேண்டும். சிக்கல், மிருதங்கம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் வரும். நீங்கள் தாளம் தட்டும் ஓசை மைக்கில் விழ வேண்டும். தனியை முடித்துவைக்கும் கோர்வை எத்தனையாவது ஆவர்த்தனத்தில் (தாளச் சுற்றில்) முடியும் என்று முன்பே பேசிவைத்துக்கொண்டு, அவரைக் கேட்காமலே எண்ணி, பாட்டு தொடங்கும் இடமான எடுப்பில் சேருங்கள்.