கடலருகே குடியேற எந்த ஊர்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: நானும் என் கணவரும் பணி ஓய்வுக்குப் பிறகு கடற்கரை ஊர் ஒன்றில் பரபரப்பில்லாமல் வாழ விரும்புகிறோம். விடுமுறையில் சென்று பார்த்தவற்றில் மூன்று நான்கு ஊர்கள் இருவருக்கும் பிடித்துப்போயின. எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

பிடித்துப்போன ஊர்கள் எல்லாவற்றையும் நீங்கள் விடுமுறையில்தான் பார்த்திருக்கிறீர்கள் என்பதை முதலில் கவனத்தில் கொள்ள வேண்டும். வானிலை நன்றாக இருக்கும் மாதத்தில், திரும்பிச் செல்லும் தேதியும் முடிவாகியிருக்கும் நிலையில் பார்க்கும் ஊர் எல்லாருக்கும் பிடிக்கும். ஆகவே அந்த மூன்று நான்கு ஊர்களுக்கும் இன்னொரு முறை செல்லுங்கள். இம்முறை மழையோ புழுக்கமோ குளிரோ உச்சத்தில் இருக்கும், சுற்றுலாப் பயணிகள் எட்டிப்பார்க்காத மாதமாகத் தேர்ந்தெடுத்துச் செல்லுங்கள்.

இதில் எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. சுற்றுலாவை மட்டுமே நம்பியிராத ஊரே குடியேற ஏற்ற ஊர். மீன்பிடித் துறைமுகம், கல்லூரி, மாவட்ட அலுவலகம், சிறு தொழில்கள் என ஏதாவது ஒன்றை ஆதாரமாகக் கொண்டு ஆண்டு முழுவதும் இயங்கும் ஊரில்தான் மருத்துவரும் மின் பணியாளரும் குழாய் பழுது பார்ப்பவரும் பன்னிரண்டு மாதமும் கிடைப்பார்கள். பயணிகளுக்காகவே இயங்கும் ஊரில் பருவம் முடிந்ததும் கடைகள் பாதி மூடப்படும், பேருந்துகள் குறையும். பருவம் தொடங்கியதும் வாடகை ஏறும், அமைதியைத் தேடி வந்தவர் தம் தெருவிலேயே தூங்க முடியாமல் தவிப்பார். பெரிய நகரங்கள்கூட இந்த நெருக்கடியிலிருந்து தப்பவில்லை. கடலோர நகரமான பார்சிலோனா, சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடப்படும் 10,000-க்கும் மேற்பட்ட குடியிருப்புகளின் உரிமங்களை 2028-க்குள் முடிவுக்குக் கொண்டுவரப்போவதாக 2024-இல் அறிவித்ததற்கு, உள்ளூர் மக்களுக்கு வீடு கிடைக்காமல் போனதே காரணம்.

ஓர் ஊர் எந்த வகையைச் சேர்ந்தது என்பதை அறிய ஆவணங்கள் தேவையில்லை. பருவமில்லாத மாதத்தின் சாதாரண வார நாள் ஒன்றில் இரவு எட்டு மணிக்கு, நீங்கள் குடியிருக்க எண்ணும் தெருவில் நடந்து, எத்தனை வீடுகளில் விளக்கு எரிகிறது என்று பாருங்கள். மறுநாள் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் அதன் வாசலுக்குச் சென்று பாருங்கள். பிள்ளைகள் கூட்டமாக வெளியே வரும் ஊரில் குடும்பங்கள் நிலையாக வாழ்கின்றன என்று நம்பலாம்.

ஓய்வு பெற்றவர்கள் என்பதால் மருத்துவத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கிலாந்தின் 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஆராய்ந்தவர்கள், வயதையும் வறுமையையும் கணக்கில் கொண்ட பின்னும், கடலுக்கு அருகில் வாழ்பவர்களிடையே தம் உடல்நலம் நன்றாக இருப்பதாகக் கூறுபவர்களின் விகிதம் கூடுதலாக இருப்பதைக் கண்டார்கள். கடல் மனிதருக்கு நன்மை செய்கிறது என்ற நம்பிக்கைக்கு இது வலுச் சேர்க்கிறது. ஆனால் அதே நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரி கிறிஸ் விட்டி, 2021-ஆம் ஆண்டுக்கான தம் அறிக்கை முழுவதையும் கடலோரச் சமூகங்களின் உடல்நலக் குறைவுக்கே ஒதுக்கினார். முதியவர்கள் ஓய்வுக்காக அங்கே குடியேறுவதால் நோய்ச்சுமை கூடுகிறது, மூத்த மருத்துவ நிபுணர்களோ நோயாளிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் தேசிய சராசரியைவிட ஏறத்தாழ 15 சதவீதம் குறைவு என்று அந்த அறிக்கை சுட்டிக்காட்டியது. நெஞ்சுவலிக்கும் பக்கவாதத்துக்கும் இரவில் சிகிச்சை தரும் மருத்துவமனைக்கு எவ்வளவு நேரத்தில் போய்ச் சேரலாம் என்பதைச் சுற்றுலாப் பருவத்தின் நெரிசலில் ஒருமுறையாவது வண்டியில் சென்று பார்த்துவிடுங்கள். அந்தப் பயணம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீண்டால், மற்ற எல்லாம் பிடித்திருந்தாலும் அந்த ஊரை விட்டுவிடலாம் என்பதே என் கருத்து.

பருவநிலையைப் பொறுத்தவரை, கடலோரம் என்றாலே இதமான வெயில் என்று எண்ணிவிடக் கூடாது. பெருவின் தலைநகரான லிமா நிலநடுக்கோட்டிலிருந்து வெறும் 12 பாகை தொலைவில் இருந்தும், அருகே ஓடும் குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டத்தால் குளிர்கால மாதங்களில் சூரியனே தெரியாத சாம்பல் நிற மேகத்தில் மூடிக் கிடக்கிறது. வெப்பமண்டலப் புயல்கள் பொதுவாகக் கடல்நீர் 26.5 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக இருக்கும் பரப்பில் உருவாகின்றன. புவிச் சுழற்சியின் விளைவு வலுவற்றிருக்கும் காரணத்தால் நிலநடுக்கோட்டின் இருபுறமும் 5 பாகைக்குள் அவை உருவாவது மிக அரிது. புயலுக்கு அஞ்சுபவர்கள் இதையும் மனத்தில் வைத்து வரைபடத்தைப் பார்க்கலாம். அந்தப் பகுதிகளில் பலவற்றில் ஆண்டு முழுவதும் மழையும் ஈரப்பதமும் இருக்கும் என்பதையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும்.

கேள்வி: கடலைப் பார்த்தபடி அமைந்த பழைய வீடு ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. பால்கனியில் நின்றால் அலை தெரிகிறது. விலையும் கட்டுப்படியாகும் போலிருக்கிறது. வாங்கிவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். கடலுக்கு நடந்து போகும் தொலைவில், சற்று மேடான இடத்தில், இரண்டு மூன்று தெருக்கள் உள்ளே தள்ளி அமைந்த வீட்டையே எவருக்கும் பரிந்துரைப்பேன். காலையும் மாலையும் பத்து நிமிடம் நடந்து கடலை அடைபவருக்குக் கடலோர வாழ்வின் இன்பம் பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது. முதல் வரிசை வீட்டின் தொல்லைகளோ அவரை அணுகுவதில்லை.

அந்தத் தொல்லைகளில் அன்றாடம் வாட்டுவது உப்புக்காற்று. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகளைக் காற்று சுமந்து வருகிறது. கரையிலிருந்து முதல் சில நூறு மீட்டருக்குள்தான் அதன் தாக்கம் மிகக் கடுமையாக இருக்கும். உப்பில் உள்ள குளோரைடு கான்கிரீட்டுக்குள் மெல்ல ஊடுருவிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு, தான் உண்டான இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் கான்கிரீட் உள்ளிருந்தே வெடிக்கிறது. வீட்டைப் பார்க்கச் செல்லும்போது கடலை நோக்கி நிற்காமல், முதுகைக் கடலுக்குக் காட்டி நின்று, மேல்மாடி பால்கனியின் அடிப்பாகத்தை அண்ணாந்து பாருங்கள். கம்பி ஓடும் கோட்டிலேயே நேராக விரிசல் விட்டிருந்தாலும், பழுப்பு நிறக் கறை வழிந்திருந்தாலும், புதிய பூச்சு அங்கங்கே திட்டுத் திட்டாகத் தெரிந்தாலும் எச்சரிக்கை கொள்ள வேண்டும். எட்டும் இடங்களில் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். உள்ளே பொள்ளலாக ஒலித்தால் பூச்சோ கான்கிரீட்டோ கம்பியை விட்டு விலகிவிட்டது என்று பொருள். சன்னல் கீல்கள் சிரமமின்றித் திரும்புகின்றனவா, ஏசியின் வெளிப்புறப் பெட்டியில் அலுமினியத் தகடுகள் வெண்பொடியாக உதிர்கின்றனவா என்பதையும் பாருங்கள். விலை மலிவாக இருப்பதன் காரணம் பெரும்பாலும் இந்த இடங்களில்தான் தெரியவரும். கட்டடப் பொறியாளர் ஒருவரை அழைத்துச் செல்வதற்கு ஆகும் செலவு வீணாகாது.

அடுத்தது குடிநீர். கடலோர மணலுக்கு அடியில் நன்னீர், அதைவிட அடர்த்தியான உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நன்னீர் இருந்தால் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலில் நெடுங்காலமாகப் பயன்படும் கணக்கு. அதைத் திருப்பிப் பார்த்தால் ஆபத்து விளங்கும்: அளவுக்கு மீறி இறைத்து நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால், அடியிலுள்ள உப்புநீர் காலப்போக்கில் 40 மீட்டர் மேலேறக்கூடும். சுற்றிலும் விடுதிகள் பெருகும் ஊரில் கிணறு உவர்ப்பது இப்படித்தான். மழை முடிந்த கையோடு தண்ணீரைச் சுவைத்துத் திருப்தி அடைந்துவிடாமல், கோடையின் கடைசியில் அதே கிணற்று நீரில் சோப்பு நுரைக்கிறதா என்று பார்த்து, ஆய்வகத்திலும் கொடுத்துச் சோதித்துக்கொள்ளுங்கள்.

கரை என்பது நிலையான எல்லை அல்ல என்பதையும் மறக்கலாகாது. அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள கேப் ஹேட்டரஸ் கலங்கரை விளக்கம் 1870-இல் கட்டி முடிக்கப்பட்டபோது கடல் அதிலிருந்து சுமார் 450 மீட்டர் தொலைவில் இருந்தது. நூறு ஆண்டுகளில் அந்தத் தொலைவு 40 மீட்டருக்கும் குறைவாகச் சுருங்கிவிட்டதால், 1999-இல் அந்தப் பெரிய கட்டடத்தை அப்படியே பெயர்த்து ஏறத்தாழ 880 மீட்டர் தள்ளி நகர்த்த வேண்டியதாயிற்று. உலகக் கடல்மட்டமோ 1901-க்கும் 2018-க்கும் இடையில் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. அருகில் துறைமுகமோ தடுப்புச் சுவரோ கட்டப்பட்டால், கரையோடு நகரும் மணல் ஒரு பக்கம் தேங்கி மறுபக்கம் அரிப்பு விரைவுபடும். ஆகவே இருபது முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய செயற்கைக்கோள் படங்களோடு இன்றைய கரையை ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த வீட்டுக்கு வெள்ளக் காப்பீடு தர எத்தனை நிறுவனங்கள் முன்வருகின்றன என்றும் கேளுங்கள். ஒருவரும் முன்வரவில்லை என்றால், அதற்கு மேல் என் ஆலோசனை தேவைப்படாது.

கேள்வி: சிறு குழந்தைகளுடன் கடற்கரை ஊருக்குக் குடிபெயர்கிறோம். கடல் ஆபத்துகளைப் பற்றி எந்த அளவுக்குக் கவலைப்பட வேண்டும்?

சுனாமியைப் பற்றி எல்லாரும் அஞ்சுகிறார்கள். அன்றாடம் உயிர் குடிப்பதோ கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம். அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் இடைவெளியில்தான் அது பெரும்பாலும் ஓடுகிறது என்பதால், பழக்கமில்லாதவர்கள் பாதுகாப்பானது என்று எண்ணி அங்கேயே இறங்கிவிடுகிறார்கள். அதில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. மிதந்தபடியே, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும். உயிர்காப்பாளர்கள் பணியில் இருக்கும் கடற்கரை உள்ள ஊரைத் தேர்ந்தெடுப்பது குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு மிகவும் அவசியம்.

சுனாமிக்கு வேண்டியது கவலை அல்ல, பழக்கம். 2004 டிசம்பர் 26 அன்று இந்தியப் பெருங்கடல் நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த அந்த நாளில், கடல் திடீரென உள்வாங்கியதைப் பல இடங்களில் மக்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். தரை நெடுநேரம் அதிர்ந்தாலோ கடல் உள்வாங்கினாலோ அறிவிப்புக்குக் காத்திராமல் மேட்டுக்கு ஓட வேண்டும் என்று குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். குடியேறிய முதல் வாரத்திலேயே அந்த மேட்டுக்கு அவர்களோடு நடந்தும் சென்று வாருங்கள்.

கேள்வி: நான் வீட்டிலிருந்தே கணினிப் பணி செய்பவன். எங்கிருந்தும் வேலை செய்யலாம் என்று நிறுவனம் அனுமதித்துவிட்டது. வெளிநாட்டுக் கடற்கரை ஊர் ஒன்றில் இடம் வாங்கித் தங்கிவிட எண்ணுகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் நிலச் சட்டம். பல நாடுகள் வெளிநாட்டினருக்குக் கடலோர நிலத்தை எளிதில் உரிமையாக்குவதில்லை. மெக்சிகோவில் கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் வீடு வாங்கும் வெளிநாட்டவர், உரிமையை வங்கி அவருக்காகத் தன் பெயரில் வைத்திருக்கும் 50 ஆண்டு ஏற்பாட்டின் வழியாகத்தான் அதை அனுபவிக்க முடியும். தாய்லாந்தில் பொதுவாக நிலம் வாங்க இயலாது. அடுக்குமாடிக் குடியிருப்பில் வாங்கலாம், ஆனால் ஒரு கட்டடத்தின் மொத்தப் பரப்பில் 49 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டினர் வசம் போகக் கூடாது. இந்தோனேசியாவில் நிலத்தின் முழு உரிமை குடிமக்களுக்கு மட்டுமே. இத்தகைய இடங்களில் உள்ளூர்க்காரர் ஒருவரின் பெயரில் வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று இடைத்தரகர் இனிக்க இனிக்கப் பேசினால், தயவுசெய்து எழுந்து வந்துவிடுங்கள். அந்த ஏற்பாட்டில் தகராறு வந்தால் நீதிமன்றத்தில் நீங்கள் காட்ட எந்த உரிமையும் இருக்காது.

விசாவும் வரியும் அடுத்தவை. சுற்றுலா விசாவில் வேலை செய்வதைப் பல நாடுகள் அனுமதிப்பதில்லை. தமக்குள் எல்லைச் சோதனையின்றிப் பயணிக்க உடன்பட்ட ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாள் காலத்திலும் 90 நாட்களுக்கு மேல் குறுகிய காலப் பயணியாகத் தங்க முடியாது. ஸ்பெயின் 2023 முதல் தருவதைப் போன்று, தொலைவிலிருந்து பணி செய்பவர்களுக்கென்றே உள்ள விசாவைத் தேடுங்கள். ஆண்டில் 183 நாட்களுக்கு மேல் தங்கினால் பல நாடுகளில் நீங்கள் வரி செலுத்த வேண்டியவராகிவிடுவீர்கள் என்பதால், உங்கள் நிறுவனத்தின் கணக்குப் பிரிவிடமும் எழுத்தில் ஒப்புதல் பெறுவது நல்லது.

தீவுகளை எண்ணியிருந்தால் இணைய இணைப்பையும் விசாரியுங்கள். 2022 ஜனவரியில் எரிமலை வெடித்ததால் பசிபிக் தீவு நாடான டோங்காவை உலகத்தோடு இணைத்த ஒரே கடலடிக் கம்பிவடம் அறுந்து, அதைச் சரிசெய்ய ஐந்து வாரங்கள் ஆயின.

கேள்வி: என் கணவருக்குக் கடற்கரை ஊரில் குடியேறுவது நெடுநாள் கனவு. எனக்கோ அங்கே யாரையும் தெரியாது. சில மாதங்களில் சலித்துத் தனிமையில் வாடிவிடுவேனோ என்று அச்சமாக இருக்கிறது. அவருடைய ஆசையையும் கெடுக்க மனமில்லை.

உங்கள் அச்சத்தை அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அம்மா. அது கனவைக் கெடுப்பதாகாது. இடம் மாறியவர்கள் திரும்பிவிடுவதற்குக் கடலோ வெயிலோ காரணமாவதைவிட, பேச ஆள் இல்லாமல் போவதே பெரும்பாலும் காரணமாகிறது என்பது எனக்கு வரும் கடிதங்களிலிருந்து தெரிகிறது. அதிலும், ஒருவரின் விருப்பத்துக்காக மற்றவர் உடன் செல்லும் குடும்பங்களில், உடன் சென்றவர் தம் மனக்குறையை வெளியே சொல்லாமல் நெடுநாள் சுமக்கிறார்.

ஆகவே ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது உங்களுக்கென்று ஒரு நிபந்தனை வையுங்கள். நூலகமோ இசை வகுப்போ வழிபாட்டு இடமோ தன்னார்வப் பணியோ, வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் நீங்கள் விரும்பிச் செல்லும் இடம் ஒன்று நடந்து போகும் தொலைவில் இருந்தாக வேண்டும். உள்ளூர் மொழி தெரியாத ஊர் என்றால், புறப்படுவதற்கு முன்பே இருவரும் அதைக் கற்கத் தொடங்குங்கள். உங்கள் நட்பும் உறவும் வந்து தங்க ஓர் அறை இருக்கட்டும். அவர்கள் வந்து சேர மூன்று வண்டி மாற வேண்டிய ஊராக இருந்தால், முதல் ஆண்டுக்குப் பிறகு வருகை குறைந்துவிடும்.

இப்போது இருக்கும் வீட்டை விற்க வேண்டாம். அதை வாடகைக்கு விட்டுவிட்டு, அங்கே ஓராண்டுக்கு வாடகை வீட்டில் இருங்கள். ஒரு முழு ஆண்டின் எல்லாப் பருவங்களையும் பார்க்காமல் முன்பணம் எதுவும் கொடுக்காதீர்கள். ஆண்டு முடிவில், தங்குவதா திரும்புவதா என்பதை இருவரும் ஒருவரையொருவர் கலந்துகொள்ளாமல் தனித்தனியாக எழுதிவைத்து, பிறகு சேர்ந்து படியுங்கள். இந்த ஏற்பாட்டுக்கு உங்கள் கணவர் புறப்படும் முன்பே சம்மதிக்க வேண்டும் என்று நீங்கள் கேட்பதில் தவறேதும் இல்லை.